விசுவாசம் தனியுடைமையா?

"விசுவாசம் என்பது எனக்கும் என் ஆண்டவருக்கும் இடைப்பட்ட விடயம், அதிற் பிறருக்கு என்ன வேலை?" என்னும் கூற்றைக் கிறிஸ்தவர்களாகிய நம்மவரிடமிருந்து அடிக்கடி கேட்கிறோம். படித்தவர்கள் இதனை ஒரு முற்போக்கான நிலைப்பாடாகவே கருதுகின்றனர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. அப்பாதி உண்மையே ஒரு பெரும் பொய்க்கு அரணாக நின்று வருகின்றது என்பதும், தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அவ்வரணுக்குள் மிகப் பாதுகாப்பாக வாழ்ந்து வந்தது சாதியே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் உண்மையான பாதியை ஒப்புக்கொள்வோம். தந்தை விசுவாசித்தார் என்பதனால் மகன் விசுவாசி ஆகிவிடுவதில்லை. 1521 ஆம் ஆண்டு வோர்ம்ஸ் நகரிற் பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸின் முன்னிலையில் தம் நூல்களை மறுதலிக்க மறுத்து நின்ற மார்ட்டின் லூதர், இறைவார்த்தைக்குக் கட்டுண்ட தம் மனச்சாட்சியையே ஆதாரமாகக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சோரன் கீர்க்ககார்ட், பிறந்தோர் அனைவரும் கிறிஸ்தவர் எனக் கொள்ளப்பட்ட டென்மார்க்கு நாட்டில் உண்மைக் கிறிஸ்தவம் எங்கே உளது எனக் கேட்டார். கூட்டத்திற் கரைந்துபோன தனிமனிதனை மீட்டெடுக்க முயன்ற இவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயின், கூட்டத்திற் கரைய மறுப்பது வேறு; அயலானுக்குரிய பொறுப்பை மறுப்பது வேறு. வோர்ம்ஸிலே தனித்து நின்ற அதே லூதர், சில ஆண்டுகளுக்குள் சபையோர் அனைவரும் ஒன்றாய்க் கூடித் தாய்மொழியிற் பாடுதற்கெனப் பாடல்கள் இயற்றினார் என்பதை மறத்தலாகாது.

தனி விசுவாசமே போதும் என்போர், புதிய ஏற்பாட்டிலே கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தல் நன்று. அந்தியோகியாவிலே பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளுடன் ஒன்றாக அமர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்தபோது அவர்களுக்கு அஞ்சி, அப்பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். இங்கே பேதுருவின் விசுவாச அறிக்கையில் ஓர் எழுத்தேனும் மாறியதா? கிறிஸ்துவை அவர் மறுதலித்தாரா? இல்லை. பந்தியை மாற்றிக்கொண்டார், அவ்வளவே. அதனையே நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடத்தை எனப் பவுல் கண்டார். கொரிந்துச் சபைக்கு எழுதியபோதும் அவர் இதே அளவுகோலையே கையாண்டார். உள்ளவன் உண்டு வெறித்திருக்க இல்லாதவன் பசித்திருக்கும் விருந்து, கர்த்தருடைய விருந்தாகாது என்றார். அங்குக் குறைவாயிருந்தது தனிப்பட்ட பக்தியன்று. கொரிந்தியர் பக்திப் பரவசத்திற் பிறருக்கு இளைத்தவர் அல்லர்.

பந்தி என்றதும் தமிழ் வாசகருக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. 1833 இற் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன், தம் ஆளுகைக்குட்பட்ட தென்னிந்தியச் சபைகளிலே சாதி வேற்றுமை முற்றாகக் கைவிடப்படவேண்டும் எனச் சுற்றுநிருபம் விடுத்தார். தஞ்சாவூரிற் பெருங் கொந்தளிப்பு எழுந்தது. பலர் சபையை விட்டு விலகினர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சாதி வழக்கங்களைக் காத்து வாதிட்டு எழுதியவர் யார்? இன்றும் நம் ஆலயங்களிற் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார். மிஷனரிமார் தமிழிசையையும் மங்கல நிகழ்வுகளிற் பூக்களையும் விலக்கியதை அவர் எதிர்த்தது நியாயமே; அதில் அவர் பக்கம் நிற்பதற்கு நமக்குத் தயக்கமில்லை. ஆயின், அதே மூச்சிலே பிற சாதியாருடன் கலந்தமரச் சொல்வதையும் ஒரு கொடுமையாக அவர் எண்ணினார். அவருடைய தனிப்பட்ட பக்தியை எவரும் ஐயுறல் இயலாது. தனி விசுவாசம் ஆழப்பட்டால் சமூக நீதி தானே மலரும் என்போர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமோ? ஆழமான பக்தியும் ஆழமான சாதியுணர்வும் ஒரே உள்ளத்தில் இடர்ப்பாடின்றிக் குடியிருக்க முடிந்தது.

இது சீர்திருத்தச் சபைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலே 1872 இற் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம் இரு கிளைகளாகப் பிரிந்து ஒரே பீடத்திற் சென்று கூடுவது. ஒரு கிளையில் வேளாளர் முதலியோர். மறு கிளையில் நாடார் முதலியோர். இரு சாராரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காணல் இயலாது. தனி விசுவாசக் கோட்பாட்டுக்கு இதனை விடப் பொருத்தமான கட்டடத்தை எந்தச் சிற்பியும் அமைத்திருக்க மாட்டான். ஒவ்வொருவருக்கும் ஆண்டவரிடம் செல்லும் வழி தடையின்றித் திறந்திருந்தது. அயலானிடம் செல்லும் வழி மட்டும் அடைக்கப்பட்டிருந்தது. 1910 இற் கௌசானல் அடிகளார் அத்தடுப்பை இடித்தார். உரிமை பறிபோயிற்று என உயர்சாதியார் எனப்பட்டோர் வழக்கிட்டனர். சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்கவில்லை.

நம் ஆலயங்களில் அத்தகைய சுவர் இல்லை என யாழ்ப்பாணத்தவராகிய நாம் மனநிறைவு கொள்ளலாமா? நம் வாரப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியை எடுத்து வாசியுங்கள். "கிறிஸ்தவ வேளாள" என்னும் சொற்றொடர் அங்கே வெட்கமின்றி அச்சேறி வருகின்றது. முதற்சொல் ஞானஸ்நானத்தாற் கிடைத்தது. இரண்டாஞ் சொல் அந்த நீராலும் கழுவப்படாதது. ஞாயிறு காலையில் ஒரே அப்பத்தைப் பிட்டு உண்டவர்கள், அன்று மாலையே தம் பிள்ளைக்கு வரன் தேடும்போது அப்பந்தியை மறந்துவிடுகின்றனர். சீதனமாக எத்தனை இலட்சம், வீடு எங்கே, வளவு எத்தனை பரப்பு என்னும் பேரமும் தொடர்கின்றது. இதைப்பற்றிப் போதகர் பிரசங்கத்தில் ஒரு சொல் உரைத்தால், "அது எங்கள் குடும்ப விடயம், போதகர் ஆத்துமாவைப் பற்றிப் பேசட்டும்" என்கின்றனர். விசுவாசத்தைத் தனியுடைமையாக்கிக் கொண்டதன் பயன் இதுவே.

"சமூக வாழ்வை வற்புறுத்தினால் தனிமனிதனின் சுதந்திரம் அழியாதா?" என்பது நம்மை நோக்கி எழுப்பப்படும் வினா. நியாயமான வினாவே. ஆயின், எத்தகைய சமூகம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். சபையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய எக்ளேசியா, அழைக்கப்பட்டு ஒன்றுகூடியோரின் அவையைச் சுட்டுவது. பிறப்பினாற் சேர்ந்த கூட்டம் வேறு. அழைப்பினாற் சேர்ந்த கூட்டம் வேறு. முன்னதே தனிமனிதனை விழுங்குவது. 1933 செப்ரெம்பரிற் பிரஷ்யத் திருச்சபையின் பொதுப்பேரவை, ஆரிய வம்சத்தவர் அல்லாதோர் சபைப் பணியில் இருத்தலாகாது என விதித்தது. கிறிஸ்துவில் அனைவரும் ஆவியில் ஒன்றே, ஆயினும் உலகில் இன ஒழுங்கு வேறு என அதனை ஆதரித்தோர் வாதிட்டனர். தஞ்சாவூரிலும் வடக்கன்குளத்திலும் எழுந்த குரலே அங்கும் ஒலித்தது.

அதனை எதிர்த்தோருள் ஒருவரான டீற்றிரிச் பொன்ஹோபர், 1935 முதல் பின்கென்வால்டே என்னுமிடத்தில் இளம் போதகர்களைச் சேர்த்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகச் செபித்து, ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யும் வாழ்வொன்றை நடத்தினார். 1937 இல் இரகசியப் பொலிசார் அதனை மூடினர். அவ்வனுபவத்திலிருந்து 1939 இல் வெளிவந்த அவரது நூல், தனித்திருக்க அறியாதவன் கூட்டுவாழ்வுக்கும், கூட்டுவாழ்வை அறியாதவன் தனிமைக்கும் தகுதியற்றவன் என்னும் கருத்தை வற்புறுத்துகின்றது. 1945 ஏப்பிரல் 9 ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கூட்டுவாழ்வு அவரது தனிமனச்சாட்சியை அழித்ததா? தூக்குமேடை வரை நடந்துசெல்லும் வலிமையை அதற்கு அளித்தது என்பதே என் துணிபு.

ஆகவே, இளங் கிறிஸ்தவ மாணவரிடம் நாம் கேட்பது புதிய இறையியல் அன்று. தனிமையிற் செபியுங்கள், வினவுங்கள், ஐயுறுங்கள், பெற்றோரின் விசுவாசத்தைக் கடனாக வாங்காதீர்கள். ஆனால், உங்கள் விசுவாசம் உண்மையானதா என்பதை உங்கள் உள்ளத்தைக் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். பேதுருவின் உள்ளமும் அவரைக் குற்றப்படுத்தியிராது. யாருடன் உண்ண மறுக்கிறீர்கள், யார் வீட்டில் மணவுறவு கொள்ளத் தயங்குகிறீர்கள், யாருடைய மரணச் சடங்குக்குச் செல்லாது தவிர்க்கிறீர்கள் என்பவற்றைக் கேளுங்கள். உங்கள் பெயரால் ஒரு மணமக்கள் விளம்பரம் எழுதப்படும் நாள் வெகுதூரத்தில் இல்லை. அந்த இரண்டாஞ் சொல்லை வெட்டிவிடுமாறு பெற்றோரிடம் சொல்லும் துணிவு அன்று உங்களுக்கு இருக்குமாயின், உங்கள் விசுவாசத்தைப் பற்றி நாம் வேறெதுவும் கேட்க வேண்டியிராது.