கதவைப் பூட்டவும் வேண்டாம். பாயைச் சுருட்டவும் வேண்டாம்!

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டம் என்றால் கல்லூரிகளுக்கு உயிர். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும். வீட்டிலும் கடையிலும் அதே பேச்சுத்தான். ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதிப் போட்டி நடக்கும். ஒரு கல்லூரி கோப்பையைத் தட்டிக்கொண்டு போகும்.

அத்துடன் ஆட்டம் முடிந்துவிட்டதா? இல்லை! உடனே வேறோர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அந்த ஆட்டத்தில் பந்து கிடையாது, கூடையும் கிடையாது. ஆட்டக்காரர்கள் ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்கு மாறுகிறார்கள். காலியான இடங்களை நிரப்பப் பயிற்சியாளர்கள் இரவு பகலாக அலைகிறார்கள்.

இதில் வாழ்வு பெற்றவர்கள் உண்டு. கையில் இருந்த படிப்பையும் இழந்தவர்கள் உண்டு. "மாணவர்களை இஷ்டம் போல மாற விட்டதுதான் தப்பு. பழையபடி கட்டிப் போட வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது நியாயம்தானா?

காலியான கோஷ்டி

கெண்டக்கி பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் பெயர் போனது. 8 முறை தேசிய சாம்பியன் பட்டம் பெற்றது. அங்கே 15 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர் ஜான் கலிப்பாரி. 2024 ஏப்ரலில் அவர் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் கோஷ்டியே கரைந்துவிட்டது. சிலர் படிப்பை முடித்துக்கொண்டு போனார்கள். சிலர் சம்பளத்துக்கு ஆடப் போனார்கள். சிலர் வேறு கல்லூரிகளில் சேர்ந்தார்கள். பழைய பயிற்சியாளரின் பின்னாலேயே போனவர்களும் உண்டு.

புதிய பயிற்சியாளர் மார்க் போப் பொறுப்பு ஏற்றார். அடுத்த பருவம் தொடங்கியபோது, உபகாரச் சம்பளம் பெற்று ஆடிய பழைய ஆட்டக்காரர் ஒருவர்கூட அங்கே இல்லை!

போப் சும்மா இருப்பாரா? சில மாதங்களில் 12 பேரைத் திரட்டினார். அவர்களில் 9 பேர் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள். புதிதாகக் கல்லூரியில் கால் வைத்தவர்கள் 3 பேர்தான். அந்தக் கோஷ்டி 2025 மார்ச்சில் நாட்டின் கடைசி 16 கோஷ்டிகளில் ஒன்றாக நின்றது.

ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஆனால் 9, 3 என்ற அந்த இரண்டு எண்களை மறந்துவிடக் கூடாது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

உபகாரச் சம்பளம் என்றால் என்ன?

கல்லூரிக்காக ஆடும் மாணவனுக்குக் கல்லூரி செய்யும் உதவி அது. படிப்புக் கட்டணம், தங்கும் அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்காவில் தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஓர் ஆண்டுச் செலவு 60 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. ஏழை வீட்டுப் பையனுக்கு அது எட்டாக் கனி. அவனுக்குக் கூடைப்பந்துதான் ஏணி.

அந்த ஏணியில் எத்தனை பேர் ஏறலாம்? முதல் வகுப்புக் கல்லூரிகள் சுமார் 360 இருக்கின்றன. ஒரு கல்லூரி ஆண்கள் கோஷ்டிக்கு 13 பேருக்குத்தான் உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்று நீண்ட காலம் விதி இருந்தது. பெண்கள் கோஷ்டிக்கு 15 பேர். 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கில் சமரசம் ஏற்பட்டது. அதை ஏற்ற கல்லூரிகளில் ஆண்கள் கோஷ்டியிலும் 15 பேர் வரை இருக்கலாம் என்று ஆயிற்று.

இடம் சில ஆயிரம். கனவு காணும் பிள்ளைகளோ பல லட்சம்!

பழைய விதி

முன்பெல்லாம் கூடைப்பந்து ஆடும் மாணவன் கல்லூரி மாறினால் தண்டனை உண்டு. புதிய கல்லூரியில் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். படிக்கலாம்; பயிற்சி செய்யலாம்; பந்தயத்தில் ஆடக் கூடாது. வேறு பல விளையாட்டுகளில் ஒரு முறை தாராளமாக மாறலாம். கூடைப்பந்து போன்ற சில ஆட்டங்களுக்கு மட்டும் இந்தக் கெடுபிடி.

பயிற்சியாளருக்கு இந்த விதி உண்டா? கிடையாது. இன்று ஒரு கல்லூரியில் இருப்பார். நாளை கூடுதல் சம்பளம் கிடைத்தால் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். அவரை நம்பி வந்த பையன் மட்டும் அங்கேயே கிடக்க வேண்டும். குருவுக்கு ஒரு நீதி, சீடனுக்கு ஒரு நீதியா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் விதி தளர்ந்தது.

2018 அக்டோபரில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒரு பெயர்ப் பதிவேட்டைத் தொடங்கியது. மாற விரும்பும் மாணவன் கல்லூரியிடம் சொன்னால், இரண்டு வேலை நாட்களுக்குள் அவன் பெயரை அதில் ஏற்றிவிட வேண்டும். அதன் பிறகு எந்தக் கல்லூரியும் அவனை அழைக்கலாம். 2021 ஏப்ரலில் இன்னொரு படி. ஒரு முறை மாறினால் சும்மா உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மத்திய அரசாங்கக் கோர்ட்டு, மறுமுறை மாறுபவர்களை உட்கார வைப்பதற்கும் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் சங்கமே இறங்கி வந்தது. படிப்பில் போதிய தேர்ச்சி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று அறிவித்தது.

இடையில் பணமும் வந்து சேர்ந்தது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025ல் ஏற்பட்ட சமரசத்தின்படி, கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2025–26ல் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்!

நன்மை அடைந்தவர்கள்

மாற்றத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது.

வால்ட்டர் கிளேட்டன் என்ற இளைஞர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள அயோனா என்ற சிறிய கல்லூரியில் ஆடினார். பிறகு புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025 ஏப்ரல் 7ந் தேதி புளோரிடா 65–63 என்ற கணக்கில் ஹூஸ்டனை வென்று சாம்பியன் ஆயிற்று. கடைசிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் கிளேட்டனுக்குக் கிடைத்தது. அந்தக் கோஷ்டியில் அலைஜா மார்ட்டின், வில் ரிச்சர்டு ஆகியோரும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்களே.

டால்ட்டன் கனெக்ட் கதை இன்னும் அதிசயம். அவர் முதலில் சேர்ந்தது கொலராடோவில் உள்ள இரண்டாண்டுக் கல்லூரி. அங்கிருந்து வடக்கு கொலராடோ. பிறகு டென்னசி. 2024ல் அவர் சம்பள ஆட்டக்காரராகவே ஆகிவிட்டார்.

பெண்களிலும் உண்டு. ஏஞ்சல் ரீஸ் 2022ல் மேரிலாந்திலிருந்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மறு வருஷமே அந்தக் கோஷ்டி சாம்பியன்!

கதவைப் பூட்டியிருந்தால் இவர்கள் வளர்ந்திருக்க முடியுமா? ஆகவே, பழைய பூட்டைத் தேடிப் போவதில் பயன் இல்லை.

நஷ்டம் யாருக்கு?

முதல் நஷ்டம் சிறிய கல்லூரிக்கு. நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் சிறிய இடம். 2022 மார்ச்சில் அது கெண்டக்கியை வீழ்த்தியது, பர்டூவையும் வீழ்த்தியது. நாட்டின் கடைசி 8 கோஷ்டிகளில் ஒன்றாக நின்றது. 15ஆம் தர வரிசையில் இருந்த ஒரு கோஷ்டி அந்த உயரத்தை எட்டியது அதுவே முதல் தடவை. நாடே வியந்தது.

அடுத்த சில வாரங்களில் நடந்தது என்ன? பயிற்சியாளர் ஷாகீன் ஹாலவே வேறு கல்லூரிக்குப் போனார். முக்கிய ஆட்டக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் பிரிந்து போனார்கள். பயிர் செய்தவர் ஒருவர்; அறுவடை செய்தவர்கள் வேறு பலர். செயின்ட் பீட்டர்ஸ் தளர்ந்துவிடவில்லை. புதிய ஆட்களைத் தேடிப் பழக்கி, 2024ல் மீண்டும் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. அது பாராட்ட வேண்டிய உழைப்பு.

இரண்டாவது நஷ்டம் பள்ளிக்கூடப் பையனுக்கு. 18 வயதுப் பையனைச் சேர்த்தால் இரண்டு வருஷம் பழக்க வேண்டும். 22 வயது ஆட்டக்காரன் வந்தால் மறுநாளே களத்தில் இறக்கலாம். அரிசியைக் களைந்து உலை வைக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? சமைத்த சோறு பக்கத்து வீட்டில் இருக்கும்போது!

பயிற்சியாளருக்கு அவகாசமும் குறைவு. 2025ல் பெயர் பதிவு செய்ய ஆண்களுக்கு 30 நாள்தான் இருந்தது. அது தொடங்கியதோ மார்ச் 24ந் தேதி. தேசியப் போட்டி அப்போது முடியவே இல்லை! ஒரு கையில் பந்தயம். மறு கையில் டெலிபோன். இந்த அவசரத்தில் தெரிந்த ஆட்டக்காரனுக்குத்தான் முதல் இடம். பள்ளிக்கூடப் பையன் வாசலில் நிற்கிறான்.

மூன்றாவது நஷ்டம்தான் மிகக் கொடியது. பதிவேட்டில் பெயரைக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் புதிய இடம் கிடைப்பதில்லை. பெயர் கொடுத்துவிட்டால், பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிடலாம். அவன் இடத்தில் வேறு ஒருவன் வந்துவிடுவான். திரும்பிப் பார்த்தால் பாய் சுருட்டப்பட்டிருக்கும்!

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பேராசைப்பட்டான், அனுபவிக்கட்டும் என்று சொல்லிவிடலாமா? எல்லாரும் ஆசைப்பட்டுப் போகிறவர்கள் அல்ல. "அடுத்த வருஷம் உனக்கு ஆட வாய்ப்பு இருக்காது" என்று பயிற்சியாளர் ஜாடையாகச் சொன்னால் பையன் என்ன செய்வான்? போ என்று சொல்லாமலே வெளியே தள்ளும் வழி அது.

படிப்பு என்ன ஆகிறது?

கல்லூரி மாறினால் படித்த பாடங்கள் அனைத்தும் கணக்கில் சேர்வதில்லை. எல்லா மாணவர்களையும் பற்றி அமெரிக்க அரசாங்கத் தணிக்கை அலுவலகம் 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் பாடக் கணக்கில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அது கூறியது.

ஆடும் மாணவன் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 சதவீதம், நான்காம் ஆண்டு முடிவில் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. மூன்று கல்லூரி ஏறி இறங்கியவனுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு சுமை!

சம்பளத்துக்கு ஆடும் பெரிய கோஷ்டிகளுக்குப் போகிறவர்கள் ஒரு கை அளவுதான். மற்றவர்களுக்குக் கடைசியில் சோறு போடுவது பட்டம். அதுவும் போனால் அவன் கையில் என்ன மிஞ்சும்?

செய்ய வேண்டியது

நோய் மாணவனின் கால்களில் இல்லை. உபகாரச் சம்பளத்தின் ஆட்டத்தில் இருக்கிறது. மருந்தையும் அங்கேதான் போட வேண்டும்.

முதலாவது: உபகாரச் சம்பளம் கொடுத்தால் பட்டம் பெறும் வரை கொடுக்க வேண்டும். இது புதுமை அல்ல. முன்பு நான்கு ஆண்டு உதவி இருந்தது. 1973ல்தான் சங்கம் அதை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் உதவியாகச் சுருக்கியது. 2012ல் பல ஆண்டு உதவிக்கு மீண்டும் அனுமதி வந்தது. சரியாக ஆடவில்லை என்று உதவியை நிறுத்தக் கூடாது என்று 5 பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகள் 2015ல் முடிவு செய்தன. பெரியவர்கள் ஒப்புக்கொண்டதை எல்லாரும் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

இரண்டாவது: புதிய கல்லூரி எழுத்து மூலம் இடம் கொடுக்கும் வரை, குறைந்தது ஒரு வருஷத்துக்காவது பழைய உதவி நிற்கக் கூடாது. "அப்படியானால் கோஷ்டியில் இடம் அடைந்துவிடுமே" என்று பயிற்சியாளர்கள் கேட்பார்கள். அடையாது. ஆடாமல் படிக்க மட்டும் செய்பவனைக் கோஷ்டிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பயிற்சியாளர் புது ஆளைச் சேர்க்கட்டும். பழைய மாணவன் படிக்கட்டும். செலவு ஆகும். வாக்குக் கொடுத்தவர்கள்தான் அதை ஏற்க வேண்டும்.

மூன்றாவது: சிறிய கல்லூரி பழக்கிய ஆட்டக்காரனைப் பெரிய கல்லூரி எடுத்தால், அந்தச் சிறிய கல்லூரிக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். உலகக் கால்பந்தில் இளம் ஆட்டக்காரனைப் பழக்கிய சங்கத்துக்கு ஈடு கொடுக்கும் விதி 2001 முதல் இருக்கிறது. அந்தப் பணத்தில் சிறிய கல்லூரி இன்னொரு பள்ளிக்கூடப் பையனுக்கு இடம் கொடுக்கலாம். ஒன்று மட்டும் முக்கியம். பணம் தராவிட்டால் பையனை விடமாட்டோம் என்று யாரும் பிடித்து வைக்கக் கூடாது.

இவை நடக்கும் வரை தாய் தந்தையர் விழிப்பாக இருக்க வேண்டும். பயிற்சியாளர் வீடு தேடி வந்து இனிக்க இனிக்கப் பேசுவார். அவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உதவி எத்தனை வருஷத்துக்கு? நீங்கள் போய்விட்டால் என் பிள்ளைக்கு யார் பொறுப்பு? அவனால் ஆட முடியாமல் போனாலும் படிக்க வைப்பீர்களா?

பதிலை வாய் வார்த்தையாக வாங்கக் கூடாது. எழுதி வாங்க வேண்டும்.