ரெய்டருக்குக் கைத்தட்டல்... செயினுக்கு என்ன? வேலூர் - ஆம்பூர் கல்லூரி கபடி அணிகள் போட வேண்டிய கணக்கு!

கபடி ரீல்ஸ் ஒன்றைத் திறந்து பாருங்கள். ரெய்டர் உள்ளே போகிறார். போனஸ் கோட்டைத் தொடுகிறார். இரண்டு பேரை உதறிவிட்டு நடுக்கோட்டுக்குப் பாய்கிறார். தொடையைத் தட்டுகிறார். பின்னணியில் செம பி.ஜி.எம். வீடியோ முடிந்தது. அதே ரெய்டர் ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்திருக்கலாம். அவரை மறுபடி களத்துக்குள் கொண்டுவந்தது ஒரு கார்னர் வீரர் போட்ட பிடியாக இருக்கலாம். ஆனால், அதெல்லாம் ரீல்ஸில் வராது.

சினிமாவிலும் இதே கதைதான். 'கில்லி', 'வெண்ணிலா கபடி குழு', 'பைசன்' என்று தமிழில் கபடிப் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால், கேமரா பெரும்பாலும் பாடிப் போகிறவர் பின்னாலேயே போகிறது.

ரசிகர்கள் அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை. கல்லூரி அணியைத் தேர்வு செய்கிறவர்களும் அப்படியே பார்த்தால்தான் சிக்கல்.

இந்தச் சிக்கல் ஏன் முக்கியம்?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் பகுதியில், டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கபடி வெறும் டைம்பாஸ் கிடையாது. அது ஓர் ஏணி. கல்லூரி அணியில் ஆடினால் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து மாநில அணி. சான்றிதழ் கையில் இருந்தால் தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவிகித ஒதுக்கீடு, ரயில்வே, காவல்துறை எனக் கதவுகள் இருக்கின்றன.

அந்த ஏணியின் முதல் படியே கல்லூரி டிரையல்ஸ்தான். அங்கே 'யார் நல்லா பாடுறா?' என்று மட்டும் பார்த்தால், பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் முதல் படியிலேயே கழன்று போவார்கள். அதைப் பார்த்து, அடுத்த வருஷம் வருகிற எல்லோரும் ரெய்டர் ஆகத்தான் ஆசைப்படுவார்கள். கடைசியில் அணிக்கு நாலு ரெய்டர்கள் கிடைப்பார்கள், ஆனால் ஒரு செயின்கூட கிடைக்காது.

விதிகள் என்ன சொல்கின்றன?

கபடியில் ஒரு ரெய்டு இந்தப் பக்கம் என்றால், அடுத்த ரெய்டு அந்தப் பக்கம். அதாவது, எவ்வளவு பெரிய ரெய்டர் இருந்தாலும் உங்கள் அணி மேட்ச்சின் பாதி ரெய்டுகளுக்கு டிஃபென்ஸ்தான் ஆடியாக வேண்டும். இது முதல் கணக்கு.

இரண்டாவது கணக்கு, ரிவைவல். எதிரணி ரெய்டரைப் பிடித்தால் 1 பாயின்ட் மட்டும் கிடைப்பதில்லை, வெளியே இருக்கும் நம் ஆள் ஒருவரும் உள்ளே வருகிறார். ஸ்டார் ரெய்டர் அவுட்டாகி பெஞ்சில் இருக்கும் நேரத்தில், ஒரு நல்ல ஆங்கிள் ஹோல்ட் அவரையே திரும்பக் கொண்டுவரும். ரெய்டர் எடுக்கும் அடுத்த பாயின்ட்டில் அந்த கார்னர் வீரருக்கும் பங்கு இருக்கிறது. ஸ்கோர்போர்டில் மட்டும் இருக்காது.

மூன்றாவது கணக்கைத்தான் பலரும் கவனிப்பதில்லை. புரோ கபடியைப் பார்ப்பவர்களுக்கு 'டூ ஆர் டை' ரெய்டு தெரியும். இரண்டு ரெய்டுகள் பாயின்ட் இல்லாமல் போனால், மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ரெய்டர் அவுட். அந்த இரண்டு வெற்று ரெய்டுகள் சும்மா வருவதில்லை. ஏழு பேர் கைகோத்து, சரியான இடைவெளியில் நகர்ந்து, ரெய்டருக்கு இடமே கொடுக்காமல் 30 விநாடியைக் கரைத்ததால் வருகின்றன. அதற்குப் பாயின்ட் கிடையாது. ஆனால், மூன்றாவது ரெய்டில் கிடைக்கிற பிடிக்கு அஸ்திவாரம் அதுதான்.

பாயின்ட்டில் பெரும்பங்கு ரெய்டர்களிடமிருந்துதானே வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டால் மூன்று பாயின்ட். ஒரு பிடிக்கு ஒன்றுதான். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் சூப்பர் டேக்கிள், 2 பாயின்ட். ஆனால், நாம் எடுக்கிற பாயின்ட்டை மட்டும் எண்ணிவிட்டு, எதிரணிக்குக் கொடுக்காமல் காப்பாற்றிய பாயின்ட்டை எண்ணாமல் விட்டால் அது பாதிக் கணக்குதானே!

அமெரிக்கக் கல்லூரிகள் செய்வது என்ன?

கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பை இன்னும் பளிச்சென்று காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு: அமெரிக்கன் ஃபுட்பால். அதில் தாக்குதல் அணியின் 11 பேரில் ஐந்து பேர் முன்வரிசையில் நிற்பார்கள். நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். எதிரே நிற்பவர்களை முட்டித் தள்ளி ஒரு சந்து திறப்பது இவர்கள் வேலை. அந்தச் சந்து வழியாகப் பந்தோடு ஓடுகிறவருக்குத்தான் கைத்தட்டல், எத்தனை கெஜம் ஓடினார் என்ற கணக்கும் அவர் பெயரில்தான். ஆனால், அங்கே ஓர் அணியின் ஓட்டம் எடுபடவில்லை என்றால், ஓடுகிறவரை மட்டும் குறை சொல்ல மாட்டார்கள். முன்வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

டெய்லர் ஸ்விஃப்ட் ரசிகர்களுக்கு டிராவிஸ் கெல்சியைத் தெரிந்திருக்கும். அவருடைய அண்ணன் ஜேசன் கெல்சி, சின்சினாட்டி பல்கலைக்கழக அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல், பந்தோடு ஓடுகிறவராகச் சேர்ந்தவர். கல்லூரியில்தான் முன்வரிசைக்கு மாற்றப்பட்டார். பிறகு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் 13 சீசன்கள் சென்டராக ஆடி, 2018-ல் சூப்பர் பௌல் ஜெயித்து, 2024-ல் ஓய்வு பெற்றார். ஓடுகிற ஆசையோடு வந்த ஒருவருக்குப் பொருத்தமான இடம் வேறு என்று கண்டுபிடித்து, அங்கே அவரை வளர்த்தது கல்லூரி அணி. நம் கல்லூரி டிரையல்ஸுக்கு வேண்டியதும் அந்தக் கண்தான்.

தமிழ் தலைவாஸ் கற்ற பாடம்

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், தமிழ் தலைவாஸைப் பார்க்கலாம். 2019 சீசனில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர் எனப் பெரிய பெயர்கள் அணியில் இருந்தன. ரெய்டிங், டிஃபென்ஸ் இரண்டிலும் ஸ்டார்கள். ஆனால், அணி முடித்தது கடைசி இடத்தில்.

2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அப்போது அது லீகின் சாதனைத் தொகை. முதல் மேட்ச்சிலேயே அவருக்குக் காயம், சீசனே போச்சு. 'அவ்ளோதான், முடிஞ்சுது' என்று ரசிகர்கள் நினைத்த அதே சீசனில்தான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. ரெய்டிங்கில் அறிமுக வீரர் நரேந்தர் கலக்கினார். இந்தப் பக்கம் சாகர், சாஹில் குலியா எனக் கார்னர்களில் இளம் வீரர்கள் நின்றார்கள். ஒரு ஸ்டார் போனாலும் அணி நிற்கும் என்பதை அந்த சீசன் காட்டியது. பெரிய பெயர்கள் சேர்ந்தால் மட்டும் செயின் ஆகிவிடாது என்பதை 2019 காட்டியது.

பிடிக்கிறவருக்கு எதிர்காலம் இல்லையா? தஞ்சாவூர் மாவட்டத்தின் திருச்சனம்பூண்டியிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் ஒரு கார்னர் வீரர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வென்றார். 40 வயதைத் தாண்டியும் புரோ கபடியில் ஆடினார்.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

முதலில், நேரம். ரெய்டு தனி ஆள் வித்தை. ஒருவர் தனியாகவும் பழகிக்கொள்ளலாம். செயின் அப்படியில்லை. பக்கத்தில் நிற்பவர் எப்போது பாய்வார், எப்போது பின்வாங்குவார் என்று உடம்புக்குத் தெரிய மாதக்கணக்கில் சேர்ந்து ஆட வேண்டும். இளநிலைப் படிப்பு மூன்றே வருஷம். மூன்றாமாண்டு மாணவர்கள் கிளம்பும்போது அந்தப் பழக்கமும் அவர்களோடு கிளம்பிவிடும். அதனால், முதலாமாண்டு கார்னரை மூன்றாமாண்டு கவர் பக்கத்தில் இப்போதே நிறுத்திப் பழக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரம் ஏழு பேரைப் பொறுக்கி எடுத்தால் அணி கிடைக்கும், செயின் கிடைக்காது.

இரண்டாவது, பலம். இதில் வேலூருக்குக் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். 2018 கோல்டு கோஸ்டிலும் தங்கம் அவருக்குத்தான். பளு தூக்குதலில் பெயர் வாங்கிய ஊரில், கபடி டிஃபெண்டர்கள் முறையான ஸ்குவாட், டெட்லிஃப்ட் தெரியாமல் களத்துக்குப் போவது வீண். தை ஹோல்டுக்கும் பிளாக்குக்கும் வேண்டியது இடுப்பும் தொடையும் தருகிற பலம்தான். அந்தப் பயிற்சி முழங்காலுக்கும் பாதுகாப்பு. கபடி வீரரின் பெரிய எதிரி முழங்கால் காயம். கூலி வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓர் அறுவை சிகிச்சை என்றால், ஏணியையே எடுத்துவிட்ட மாதிரி.

மூன்றாவது, கணக்கு. பிடித்த பாயின்ட் மட்டும் போதாது. எத்தனை வெற்று ரெய்டுகளுக்குத் தள்ளினார்கள், யார் போட்ட பிடியில் எந்த ரெய்டர் உள்ளே வந்தார், யார் அவசரப்பட்டுப் பாய்ந்து பாயின்ட் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஆப் எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஒரு மாணவரை அனுப்பும்போது 'நல்ல பையன் சார்' என்று சொல்வதைவிட, அந்த நோட்டைக் காட்டினால் மதிப்பு அதிகம். பெண்கள் அணிக்கும் இதே நோட்டுதான். ஷூ கம்பெனிகளில் ஸ்டிச்சிங் லைன்களை ஓட்டுவது பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய மகள்களுக்கும் இந்த ஏணி வேண்டும்.

நான்காவது, ரெய்டரும் செயினில் ஒரு கண்ணிதான். ஏழு பேர் நிற்கும்போது கார்னருக்குப் பக்கத்தில் 'இன்' பொசிஷனில் பெரும்பாலும் நிற்பவர் ரெய்டர். அவர் கையை விட்டால் கார்னர் தனியாள். 'நான் பாடத்தான் வந்தேன்' என்கிற ரெய்டரை டிஃபென்ஸ் பயிற்சியிலிருந்து விட்டுவிடக் கூடாது.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதை நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஷூவில் பளபளப்பது அப்பர், பாரம் தாங்குவது சோல். சோல் பிய்ந்த ஷூவை அப்பர் அழகாக இருக்கிறதென்று யாரும் போட்டுக்கொண்டு ஓடுவதில்லை. அடுத்த டிரையல்ஸில் 'யார் ரெய்டு போறீங்க?' என்று கேட்பதற்கு முன்னால், 'கார்னர் யாரு, கவர் யாரு?' என்று உடற்கல்வி இயக்குநர்கள் கேட்கட்டும். கை தூக்கத் தயங்கி ஓரமாக நிற்கிற ஒரு பிள்ளைக்கு வேலை கிடைக்கிற வழி அந்தக் கேள்வியில் இருக்கலாம்.