வீட்டோடு போய்க் கரடி பார்ப்பவர்களுக்கு

ஆர்.வி. எடுத்துக்கொண்டு அலாஸ்கா போவதுதான் வாழ்க்கை லட்சியம் என்று எங்கள் பி.காம் வகுப்பில் மட்டும் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். நாலு பேருக்கும் சேர்த்து இப்போதைக்கு இருக்கிற ஒரே சொத்து பஸ் பாஸ். அது வேறு விஷயம் :-) தெரியாதவர்களுக்கு: ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. சின்ன வீட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி. கனடாவின் டாசன் க்ரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை போகும் அலாஸ்கா நெடுஞ்சாலையில் இப்படிப் போன வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே காட்சி. சாலையோரம் கரடி. பிரேக். கண்ணாடி இறங்குகிறது. "எவ்ளோ பக்கத்துல பாருங்க!" பின்னால் பத்து வண்டி வரிசை கட்டி நிற்கிறது.

அந்தப் பிரேக்கைத்தான் நான் திட்டப்போகிறேன்.

முதலில், கரடி ஏன் அங்கே நிற்கிறது? நம்மைப் பார்க்க வரவில்லை. சாலை போடுவதற்காக மரங்களை வெட்டிய ஓரத்தில் வெயில் நன்றாக விழும். வசந்தத்தில் காட்டுக்குள் பனி கிடக்கும்போதே சாலையோரத்தில் புல்லும் மஞ்சள் டேன்டிலியனும் முளைத்துவிடும். ஆறு மாதம் தூங்கி எழுந்த பிராணிக்கு அதுதான் முதல் பந்தி. லியார்டு ஆற்றுப் பக்கம் காட்டெருமைகள் சாலையோரப் புல்லுக்கு வருகின்றன. மஞ்சோ ஏரிக்கருகே மலையாடுகள் மண்ணிலுள்ள உப்புச் சத்தை நக்க வருகின்றன. பசியோடு சாப்பாட்டுக்கு வந்ததைச் சுற்றி நின்று படம் எடுத்துவிட்டு 'வனத்தைத் தரிசித்தேன்' என்று தலைப்பு வைக்கிறோம்.

படம்தானே எடுத்தோம், பிஸ்கட் போடவில்லையே என்பார்கள். பிஸ்கட்டே வேண்டாம். வண்டி நின்றது, ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் நின்றது, ஒன்றும் ஆகவில்லை என்றால் கரடிக்கு வண்டி என்றால் பயமில்லை என்று ஆகிவிடுகிறது. அடுத்த வண்டி நிற்காத வண்டியாக இருந்தால்?

பிரிட்டிஷ் கொலம்பியாவின் யோஹோ தேசியப் பூங்காவில் வெள்ளை நிற கிரிஸ்லி கரடி ஒன்று இருந்தது. பூங்காக்காரர்களுக்கு அது 178ஆம் எண். மக்கள் வைத்த பெயர் நகோடா. டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையின் வேலியை ஏறித் தாண்டி மேயப் பழகியிருந்தது. பார்க்க வண்டிகள் குவிய, அந்தப் பகுதியில் வண்டி நிறுத்தக்கூடாது, மெதுவாகப் போகவேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். 2024 ஜூன் 6 விடியற்காலையில் அதன் இரண்டு குட்டிகளும் வண்டி மோதிச் செத்தன. அன்று மாலை தாய்க்கும் அடி. ரயில் சத்தத்தில் மிரண்டு சாலைக்குள் ஓடி வந்தது. இரண்டு நாளில் அதுவும் போய்விட்டது. மோதியவர் போட்டோ எடுக்க வந்தவர் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாலையோரம் பாதுகாப்பான இடம் என்று அந்தக் கரடிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒவ்வொரு கோடையும் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு அதில் பங்கே இல்லையா?

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் கணக்கும் சொல்கிறேன். கிரிஸ்லி பெண் கரடி பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன் குட்டி போடாது. போட்டபின் அடுத்த ஈற்றுக்கு மூன்று வருடமாவது ஆகும். குட்டிகளோடு ஒரு தாய் சாவது வட்டியில் விழுந்த நஷ்டம் அல்ல, முதலிலேயே விழுந்தது. இந்தச் செலவு வண்டி வாடகை பில்லில் வராது. லிட்டருக்கு மூன்று நாலு கிலோமீட்டர் தரும் அந்த வண்டியின் பெட்ரோல் கணக்கை மட்டும் எல்லா வீடியோவிலும் பைசா சுத்தமாகச் சொல்கிறார்கள்!

'அப்போ யாருமே போகக்கூடாதா?' போகலாம். அலாஸ்காவின் டெனாலியில் வழி காட்டியிருக்கிறார்கள். ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை வந்ததும் கூட்டம் பெருகும் என்று தெரிந்து, 1972இலேயே சொந்த வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். பூங்காவுக்குள் சாலை 92 மைல். கோடையில் சொந்த வண்டிக்கு முதல் 15 மைல்தான். அப்புறம் பஸ், அதுவும் ஸ்கூல் பஸ் மாதிரியான பஸ். யாராவது "கரடி!" என்று கத்தினால் டிரைவர் நிறுத்தி இன்ஜினை அணைப்பார். யாரும் இறங்கக்கூடாது, தலையை வெளியே நீட்டக்கூடாது. நாற்பது ஜோடிக் கண்கள் தேடுகிற பஸ்ஸில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தேடுகிறவனைவிட அதிகமாகவே கண்ணில் படும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டெக்லானிகா முகாம். 29ஆவது மைலில் இருக்கிறது. ஆர்.வி.யோடே போகலாம், ஆனால் குறைந்தது மூன்று இரவு தங்கவேண்டும், திரும்பும்வரை வண்டி நிறுத்திய இடத்திலேயே கிடக்கவேண்டும். வீட்டை வீடாக வைத்துக்கொள், வேட்டை வாகனமாக்காதே என்கிறார்கள். அதாவது எனக்கு ஆர்.வி. மேல் கோபமில்லை. கண்ட இடத்தில் நிறுத்தும் உரிமையும் வாடகையில் சேர்த்தி என்ற நினைப்பின் மேல்தான் கோபம்.

வயதானவர்கள், குழந்தைகள் பாவம் என்ற வாதம் எனக்குப் பிடிபடவே இல்லை. எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பதைவிட பஸ்ஸில் உட்காருவது கஷ்டமா? அதே யோஹோவில் ஓ'ஹாரா ஏரிக்குப் பூங்கா பஸ் அல்லது நடை, அவ்வளவுதான். பான்ஃபின் மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்த வண்டி இல்லை. டிரான்ஸ் கனடா மாதிரி தேசத்தின் முக்கியச் சாலையை மூட முடியாது என்பது உண்மை. அங்கே வேலியும் விலங்குகள் கடக்கப் பாலமும் வேண்டும். பான்ஃபில் அதனால் பெரிய விலங்குகள் மோதிச் சாவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் நிறுத்தாதே என்று போர்டு வைத்த இடத்தில் நிறுத்தாமல் போக என்ன பாலம் கட்டவேண்டும்?

லட்சியவாதிகள் நாலு பேருக்கும்: டெக்லானிகாவுக்கு முன்பதிவு செய்யுங்கள். 2021இல் 45ஆவது மைல் அருகே நிலச்சரிவில் சாலை துண்டானதால், பஸ் எதுவரை ஓடுகிறது என்று கிளம்பும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் என்னைத் திட்டக்கூடாது.