உடையும் உரிமையும்

ஆடை காலத்தின் கண்ணாடி என்பர். கிமோனோ உடுத்திய ஜப்பானிய மங்கையர், 1868-இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக்குப் பின் மேலைநாட்டு உடைக்கு மெல்ல மாறினர். டோக்கியோவின் ஹராஜுகு வீதியில் இளம்பெண்கள் பொம்மைகளைப் போல் வண்ணவண்ணமாய் உடுத்தி உலவியதை, 1997-இல் தோன்றிய ‘புரூட்ஸ்’ இதழ் படம்பிடித்தது. எனினும், சனவரித் திங்களில் நிகழும் வயதுவந்தோர் விழாவுக்கு இன்றும் பலர் கிமோனோவே அணிகின்றனர். புதுமைக்கும் மரபுக்கும் அங்கே இடமுண்டு.

நம் வரலாறோ கண்ணீர் தோய்ந்தது. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே பல்லாண்டு போராடி, 1859-இல்தான் அரச ஆணை பெற்றனர். தமிழக அரசு அலுவலகங்களில் புடவையோடு சுடிதாரும் ஏற்ற உடையென 2019-இல் ஆணை பிறந்தது.

தென்பெண்ணையின் அணை அமைந்த கெலவரப்பள்ளியைச் சூழ்ந்த ஒசூர்த் தொழிற்பகுதியில், பெண்கள் பாவாடை தாவணியை விடுத்துச் சுடிதார் அணிவதை நாகரிக மோகம் எனப் பழிப்பார் உளர். சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் முந்தானை உயிருக்கே உலை வைக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

முக்காடிடும் மகளுக்கும் சுடிதார் அணியும் மகளுக்கும் தேவை ஒன்றே: தன் உடையைத் தானே தேரும் உரிமை. பெரியோர்களே, அறிவுரை கூறுங்கள், ஏளனம் வேண்டா. மாணவியரே, அவ்வுரிமையை விளம்பரங்களிடம் அடகு வைத்துவிடாதீர்கள்!