கப்பலில் இருந்து இறங்கியாச்சு... ஃப்ளைட்டைப் பிடிக்க முடியுமா? மும்பையில் மாறியிருக்கும் கணக்கு

மும்பையில் கப்பல் ஏறி கோவா, லட்சத்தீவு எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும் தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு கடைசி நாள் காலையில்தான் டென்ஷன் ஆரம்பிக்கும். துறைமுகம் இருப்பது தென் மும்பை பல்லார்ட் பியரில். விமான நிலையம் இருப்பது கிட்டத்தட்ட 25 கி.மீ. வடக்கே. நடுவில் இருப்பது மும்பை டிராஃபிக்!

இந்தக் கணக்கு 2025-ல் மூன்று விஷயங்களால் மாறியது. செப்டம்பர் 20 அன்று பல்லார்ட் பியரில் புதிய சர்வதேச குரூஸ் டெர்மினலைப் பிரதமர் மோடி முறைப்படி திறந்து வைத்தார். அக்டோபரில் மெட்ரோ 3 எனப்படும் அக்வா லைன், கஃப் பரேட் முதல் ஆரே வரை முழுமையாக ஓடத் தொடங்கியது. டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையத்தில் இருந்து விமானங்கள் பறக்கின்றன. இதில் இரண்டு நல்ல செய்தி. மூன்றாவது, கவனிக்காமல் டிக்கெட் போட்டால் காலை வாரிவிடும்.

டாக்ஸி பிடிச்சா போதாதா?

போதும், ஆனால் நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு கப்பலில் இருந்து ஒரே காலைப்பொழுதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறங்குகிறார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் கேப் ஆப்பைத் திறந்தால் என்ன ஆகும்? கட்டணம் தானாக ஏறும். ஆக, அந்தக் காலை நேர டிமாண்டை உருவாக்குவதே கப்பல்தான். வாசலில் நிற்கும் டாக்ஸிக்காரர் மீட்டர் போடாமல் 'மொத்தமா இவ்வளவு' என்று சொல்வதற்கும் இதுவே வசதி.

ஆட்டோவில் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். தென் மும்பையில் ஆட்டோவுக்கு அனுமதியே கிடையாது. கறுப்பு மஞ்சள் டாக்ஸி, கேப், பஸ், ரயில் அவ்வளவுதான்.

சாலை வழியும் முன்பைவிடத் தேவலாம். மெரைன் டிரைவ் பக்கம் போய் கோஸ்டல் ரோடு, அங்கிருந்து பாந்த்ரா-வொர்லி கடல் பாலம் என்று போனால் நகருக்குள் இருக்கும் சிக்னல்கள் பாதி குறையும். கோஸ்டல் ரோட்டுக்கு டோல் இல்லை. கடல் பாலத்துக்கு காருக்கு 100 ரூபாய். ஆனால் பாந்த்ரா தாண்டியதும் பழைய நெரிசல் பழையபடியே காத்திருக்கும்.

மெட்ரோ எப்படி?

இப்போதைக்கு உருப்படியான பதில் இதுதான். அக்வா லைன் 33.5 கி.மீ. நீளம், 27 நிலையங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிஎஸ்எம்டி நிலையத்தில் ஏறினால், மாறாமல் ஒரே ரயிலில் விமான நிலையம். முழு வழித்தடத்தையுமே ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது என்பதால், சிஎஸ்எம்டி-யில் இருந்து விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் கணக்கு வைத்தால் போதும். இந்த வழித்தடத்தில் அதிகபட்சக் கட்டணமே 70 ரூபாய். மேலே சாலையில் என்ன நடந்தாலும் சுரங்கத்துக்குள் ஓடும் ரயிலுக்குக் கவலை இல்லை.

சிக்கல் அந்த முதல் ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. டெர்மினலில் இருந்து சிஎஸ்எம்டி நிலையம் ஒன்று, ஒன்றரை கி.மீ. தூரம். தோளில் ஒரு பேக் மட்டும் என்றால் நடந்துவிடலாம். ரெண்டு டிராலி, ஒரு குழந்தை, கூடவே வயசான அம்மா அப்பா என்றால் முடியாது. கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் முதல் ஒன்றரை கி.மீ.-க்கான மீட்டர் கட்டணம் 31 ரூபாய். 2025 பிப்ரவரியில் 28-ல் இருந்து உயர்த்தப்பட்டது. ஆனால் குறைந்த தூர சவாரிக்கு எத்தனை டாக்ஸி வரும் என்பது மும்பைக்காரர்களுக்கே வெளிச்சம். விமான நிலைய சவாரியை எதிர்பார்த்து நிற்பவரிடம் 'சிஎஸ்எம்டி வரைக்கும்' என்று சொன்னால் முகம் மாறத்தான் செய்யும்.

ஆண்டுக்கு 10 லட்சம் பேரையும், ஒரு நாளில் சுமார் 10,000 பேரையும் கையாளும் வகையில் கட்டப்பட்ட டெர்மினல் இது. 2024 செப்டம்பரில் தொடங்கிய 'குரூஸ் பாரத் மிஷன்' திட்டமோ, 2029-க்குள் நாட்டின் குரூஸ் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவோம் என்கிறது. அப்படியென்றால் கப்பல் வரும் நாட்களில் மட்டுமாவது டெர்மினல் வாசலுக்கும் மெட்ரோ வாசலுக்கும் இடையே, கப்பல் நேரத்தை ஒட்டி ஒரு மினி பஸ் ஓடுவது பெரிய செலவு இல்லை. பயணிக்கு முதலில் தேவைப்படுவது கண்ணாடி மாளிகையைவிட அந்த மினி பஸ்தான்.

இன்னொரு விஷயம்: விமான நிலையத்துக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. முதலில் டி1 வரும். அதற்கு அடுத்து சகார் ரோடு, அதற்கும் அடுத்ததுதான் டி2. 'ஏர்போர்ட்' என்று அறிவிப்பு கேட்டதும் அவசரத்தில் டி1-ல் இறங்கிவிட்டால், திரும்ப உள்ளே போய் அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான். டெர்மினல் எண் விமான டிக்கெட்டில் இருக்கும். ஒரே நிறுவனத்தின் விமானங்களே இரண்டு டெர்மினல்களிலும் இருக்கலாம் என்பதால் போன தடவை டி2 என்ற ஞாபகத்தை நம்ப வேண்டாம். மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம். சுரங்க நிலையங்களுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்கவில்லை என்று திறந்த புதிதில் ஏகப்பட்ட புகார். அதனால் மேலே இருக்கும்போதே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.

நவி மும்பையில் என்ன சிக்கல்?

'மும்பை' என்று தேடினாலே டிக்கெட் தளங்களில் இப்போது இரண்டு விமான நிலையங்கள் வருகின்றன. பி.ஓ.எம். என்றால் பழைய மும்பை. என்.எம்.ஐ. என்றால் நவி மும்பை. சில நூறு ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று இரண்டாவதை அழுத்திவிட்டு, துறைமுகத்தில் இறங்கி மெட்ரோவில் டி2 போய் நின்றால் கதை முடிந்தது.

ஆனால் தெரிந்தே நவி மும்பையைத் தேர்ந்தெடுத்தால் அது மோசமான முடிவு இல்லை. கப்பல் பயணிக்கு இது சாதகமாகவும் அமையலாம். துறைமுகத்தை ஒட்டியே போகும் பி டி'மெல்லோ சாலையில்தான் ஈஸ்டர்ன் ஃப்ரீவே தொடங்குகிறது. அதில் ஏறினால் சிவ்ரி வந்ததும் 21.8 கி.மீ. நீள அடல் சேது. கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ. வேகம் வரை அனுமதி. நகர நெரிசலைத் தொடாமலே கடலைத் தாண்டிவிடலாம். டோல் மட்டும், எங்கே இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு வழிக்கு 200 முதல் 250 ரூபாய் வரும். ஆனால் பாலத்தில் சாலை வாகனங்கள்தான் போக முடியும். இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கும் மெட்ரோ 8 இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு காரில் போனால் கட்டுப்படியாகும். தனி ஆளுக்கு மெட்ரோவும் பழைய விமான நிலையமும்தான் லாபம்.

எத்தனை மணி ஃப்ளைட் போடலாம்?

கப்பல் நிறுவனம் தரும் அட்டவணையில் 'வருகை காலை 8 மணி' என்று இருந்தால், அது கப்பல் கரை சேரும் நேரம். நீங்கள் வெளியே வரும் நேரம் இல்லை. அதற்குப் பிறகுதான் தளம் வாரியாக, குழு வாரியாக அழைப்பார்கள். முந்தைய இரவே அறை வாசலில் வைத்த பெட்டியை டெர்மினலில் தேடி எடுக்க வேண்டும். கப்பல் இலங்கை போன்ற வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டு வந்திருந்தால் குடிநுழைவு, சுங்கச் சோதனை வேறு. இதெல்லாம் முடிய 10 மணி என்று வையுங்கள். விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுன்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடப்படும். பாதுகாப்புச் சோதனை வரிசையும் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் பிற்பகல் 2 மணிக்கு முந்தைய விமானம் ரிஸ்க்தான். 11 மணி விமானம் மலிவாகக் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம் இல்லை.

பெட்டியை முந்தைய இரவு ஒப்படைக்காமல் கையிலேயே தூக்கிக்கொண்டு இறங்கும் வசதி பல கப்பல்களில் உண்டு. அவசரக்காரர்களுக்கு அரை மணி நேரமாவது மிச்சமாகும். முதல் நாளே ரிசப்ஷனில் கேட்டு வைப்பது உத்தமம்.

விமானத்தை விட்டுவிட்டால்? கப்பல் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டு நிறுவனங்களுமே பொறுப்பேற்காது. கப்பல் தாமதம் என்பது விமான நிறுவனத்துக்கு ஒரு காரணமே இல்லை. டிக்கெட்டில் இருக்கும் விமான நிலையக் கட்டணங்களை மட்டும் திரும்பக் கேட்கலாம், அது பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், இணைப்புப் பயணம் தவறினால் பணம் உண்டா, அதில் கப்பலும் அடங்குமா என்று பாலிசியில் பாருங்கள். வெறும் விமானத் தாமதத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தால் பலன் இல்லை.

சென்னையில் நிலைமை என்ன?

மழைக்காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும் என்பதால் 2022 முதல் கோர்டேலியா கப்பல் ஜூன் வாக்கில் சென்னைப் பக்கம் வருகிறது. வெளியூரில் இருந்து வந்து இறங்குபவர்களுக்கு இங்கே உண்மையிலேயே சுலபம். மண்ணடி அல்லது உயர் நீதிமன்றம் நிலையத்தில் நீல வழித்தட மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையம், 50 ரூபாய்க்கு மேல் போகாது. அதைவிட மலிவு வேண்டுமா? ராஜாஜி சாலையைக் கடந்தால் கடற்கரை ரயில் நிலையம். அங்கிருந்து தாம்பரம் மின்சார ரயிலில் ஏறி, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்தில் இறங்கலாம். பெட்டி அதிகம் இருந்தால், ஆபீஸ் நேரத்தில் மட்டும் அந்த ரயிலைத் தவிர்த்துவிடுங்கள்.