பழக வேண்டியது பதின்மூன்று வயதுப் பிள்ளை மட்டும்தானா?

சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கம் இந்த ஆண்டு பிள்ளையைப் படிவம் 1-க்கு அனுப்பியிருக்கும் பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இது நடக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை வேனிலிருந்து இறங்கி வருகிறது. சீருடைகூட மாற்றவில்லை. “பாடம் ஒண்ணும் புரியலம்மா” என்கிறது. நாம் அடுப்பைப் பார்த்தபடியே சொல்கிறோம்: “புது ஸ்கூல்னா அப்படித்தான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.” பேச்சு அதோடு முடிந்தது. பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது.

எதை அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னோம்? எப்படி, யாருடைய துணையோடு? பிள்ளை திருப்பிக் கேட்டிருந்தால் நம்மிடம் பதில் இருந்திருக்குமா?

ஒரு நாள் அந்தக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் ‘பின்னம்’ என்று படித்தது இங்கே மலாயில் ‘பெச்சாஹான்’. பரப்பளவு ‘லுவாஸ்’ ஆகிவிட்டது. அறிவியலில் ஒளிச்சேர்க்கைக்கும் வேறு பெயர். முதல் அத்தியாயத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் பொடிப் பொடியாகத் தமிழில் எழுதி வைத்திருக்கும். இரண்டாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். நான்காவது அத்தியாயத்தில் ஓர் எழுத்தும் இருக்காது. பிள்ளை மலாய்க்குப் பழகிவிட்டதா, அல்லது முயற்சியையே விட்டுவிட்டதா? இரண்டுக்கும் புத்தகம் ஒரே மாதிரிதான் வெறுமையாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் எது என்று தெரியும். நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இதில் மனத்தை உறுத்துவது என்னவென்றால், பல பிள்ளைகளுக்கு விடை தெரியும். போன வருடம் தமிழில் கேட்டால் பட்டென்று சொன்ன விடைதான். ஆனால் 150 பேர்கூட இல்லாத சிறிய பள்ளியில், எல்லா ஆசிரியருக்கும் பெயர் தெரிந்த பிள்ளையாக வளர்ந்துவிட்டு, பெரிய பள்ளியில், மலாயை வீட்டிலேயே பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவில் எழுந்து நின்று வாய் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. கை தூக்குவதில்லை. தூக்காத பிள்ளைக்குத் தெரியாது என்று ஆசிரியர் நினைக்கிறார். கொஞ்ச நாளில் பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறது.

இதற்காகத்தான் புகுமுக வகுப்பு, நாம் ‘ரிமூவ்’ என்று சொல்வது, பல காலமாக இருந்து வருகிறது. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளில் மலாய் இன்னும் கைவராதவர்களுக்கு ஓர் ஆண்டு. அந்தப் பட்டியலில் நம் பிள்ளையின் பெயர் வந்தால் வீட்டில் என்ன நடக்கிறது? “ஒரு வருஷம் வேஸ்ட்.” “சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?” உதவியாக இருக்க வேண்டிய ஓர் ஆண்டை அவமானமாக்கிக் கையில் கொடுப்பது யார்? பள்ளியா, நாமா?

“நாங்க அட்ஜஸ்ட் பண்ணலையா?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் விட்டு டவுனுக்கு வந்து நம் பெற்றோரும் நாமும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அன்று நம்மோடு படித்தவர்களில் எத்தனை பேர் படிவம் 3-ஓடு நின்றார்கள்? சொந்தபந்தத்துக்குள்ளேயே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எல்லாரும் சமாளித்துவிடவில்லை. சமாளித்தவர்கள் மட்டும் இன்று பேசுகிறோம்.

நம் பிள்ளைகள் தலையில் மாற்றம் வந்து விழுவது புதிதும் அல்ல. 2003-இல் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போயின. 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. 2016-இல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டம் வந்தது. 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வும் மறு ஆண்டில் பிடி3-யும் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள், பழகிக்கொண்டது பிள்ளைகள்.

பிள்ளை எதற்குமே பழக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடிவதற்கு முன் எழுவது, கண்டிப்பான ஆசிரியர், கூடுதல் பாடங்கள் எல்லாம் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் கறுப்பு என்று கிண்டல் செய்கிறார்கள், கைச்செலவுக் காசைப் பிடுங்குகிறார்கள் என்று பிள்ளை சொன்னாலும் நம் வாயில் அதே வார்த்தைதானே வருகிறது? “கண்டுக்காதே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.” அப்படிச் சொல்லும்போது அநியாயத்தைப் பொறுத்துக்கொள் என்றே கற்றுக்கொடுக்கிறோம். அடுத்த முறை பிள்ளை நம்மிடம் சொல்லாது. பள்ளியில் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். தாலியான் காசே உதவித் தொலைபேசி, 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். ஆனால் பிள்ளை முதலில் தேடி வருவது நம்மிடம்தான்.

நேரம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பத்து காவான் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடு. அம்மாவும் வேலைக்குப் போகிறார். எல்லாம் பிள்ளைக்காகத்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. டியூசனுக்கு மாதாமாதம் கொட்டிக் கொடுக்கவும் தயங்குவதில்லை. ஆனால் கட்டணம் கட்டிவிட்டால் நம் பங்கு முடிந்துவிட்டதா? பத்து நிமிடம் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, “இன்னைக்கு எந்தப் பாடத்துல முழிச்சே?” என்று கேட்பதற்குக் காசு வேண்டாமே. நமக்கு மலாய் வாசிக்கத் தெரியும். பிள்ளைக்குத் தமிழில் விஷயம் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஓர் இரவுக்கு ஒரு பக்கம் தாண்டிவிடலாம்.

இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா? இல்லை என்றால் ஏன் இல்லை என்று யாராவது போய்க் கேட்டோமா? தமிழையும் விட்டுவிட்டுப் பழகிக்கொள் என்று அதற்கும் பிள்ளையைத்தானே சமாதானப்படுத்தினோம்? இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழைப் பாடமாகக் கற்பிக்க வழி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். பிள்ளைகள் கேட்க முடியாது.

பள்ளியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்த வாரமே விசாரியுங்கள். மற்ற பெற்றோரின் எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கடிதம் எழுதி, 15 கையெழுத்து வாங்கி, நேரில் கொண்டுபோய்ப் பள்ளி முதல்வரிடம் கொடுங்கள்.