பருவத்தடுப்பு மருந்துக்கு ‘இடைநிறுத்தம்’: யாருக்காக, எதுவரை?

புது தில்லி: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசு 2025-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. பாலின அடையாளம் தொடர்பான சிகிச்சையை நாடிப் புதிதாக வரும் 18 வயதுக்குட்பட்டோருக்கு, அரசு மருத்துவச் சேவையில் பருவத்தடுப்பு மருந்தோ ஹார்மோன் மருந்தோ தொடங்கக் கூடாது என்பதே அந்த உத்தரவு. ஏற்கெனவே மருந்து பெற்றுவருவோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இதை அரசு ‘தடை’ என்று குறிப்பிடவில்லை. ‘இடைநிறுத்தம்’ என்றே அழைத்தது. அதே ஆண்டின் இறுதியில், அந்த இடைநிறுத்தம் 2031 வரை நீடிக்கும் என அறிவிக்கப்பட்டது.

2025-இல் 12 வயதாக இருந்த ஒருவருக்கு 2031-இல் 18 வயது நிறைந்திருக்கும். அரசின் கணக்கில் அது தற்காலிக ஏற்பாடு. அந்தச் சிறாரின் கணக்கில் அது பருவமடையும் காலம் முழுவதும். உலகின் பல நாடுகள் இந்த விவகாரத்தில் ‘சற்றுப் பொறுப்போம்’ என்ற முடிவுக்கு வந்துகொண்டிருக்கும் நிலையில், நேர்மையான இடைநிறுத்தம் எது, பெயர் மாற்றிச் சூட்டப்பட்ட தடை எது என்பதைப் பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்துள்ளது.

மருந்து செய்வது என்ன?

பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோன்களின் சுரப்பை அடக்கிவைப்பவையே பருவத்தடுப்பு மருந்துகள். மிக இளம் வயதிலேயே பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கு 1980-களிலிருந்து இவை கொடுக்கப்பட்டு வருகின்றன. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்த முடியாமல் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகும் வளரிளம் பருவத்தினருக்கு இவற்றை அளிக்கும் முறை 1990-களில் நெதர்லாந்தில் உருவானது.

அந்த முறையின் அடிப்படை எண்ணமே ‘அவகாசம்’தான். மீசை, குரல் மாற்றம், மார்பக வளர்ச்சி போன்ற மாற்றங்களைத் தள்ளிவைத்தால், சிறார் தம்மைப் பற்றி நிதானமாகச் சிந்திக்கக் காலம் கிடைக்கும் என்று மருத்துவர்கள் கருதினர். ஆகவே, இந்த மருந்தே ஓர் இடைநிறுத்தமாகத்தான் அறிமுகமானது. இன்று அந்த இடைநிறுத்தத்தையே அரசுகள் இடைநிறுத்தி வைத்துள்ளன.

இதில் எழுந்த ஐயங்களும் அற்பமானவை அல்ல. மருந்தைத் தொடங்கிய சிறாரில் மிகப் பெரும்பாலோர் அடுத்த கட்டமான ஹார்மோன் சிகிச்சைக்குச் செல்வது ஆய்வுகளில் தெரியவந்தது. சிந்திக்க அவகாசம் தரும் மருந்து, முடிவை முன்கூட்டியே உறுதிசெய்துவிடுகிறதா என்ற கேள்வி பிறந்தது. உளைச்சல் நீடிக்கக் கூடியவர்களையே மருத்துவர்கள் சரியாகத் தெரிவு செய்கின்றனர் என்பதற்கும் இதுவே சான்று என மறுதரப்பு வாதிடுகிறது. எலும்பு அடர்த்தி, பிற்காலக் கருவுறுதிறன் ஆகியவை குறித்த கவலைகளும் உள்ளன.

சான்றின் உண்மையான எடை

இங்கிலாந்தில், சிறாருக்கான ஒரே தேசியப் பாலின அடையாளச் சேவையாக லண்டன் டாவிஸ்டாக் மையம் செயல்பட்டு வந்தது. 2011-12-இல் ஏறத்தாழ 250 பேர் அங்கு பரிந்துரைக்கப்பட்ட நிலையில், 2021-22-இல் அந்த எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது. காத்திருப்போர் பட்டியல் பெருகியது. இதற்கிடையே, குழந்தைகள் நல மருத்துவர் ஹிலாரி காஸ் தலைமையில் 2020-இல் தனி ஆய்வு அமைக்கப்பட்டது. அதன் இறுதி அறிக்கை 2024 ஏப்ரல் 10-ஆம் தேதி வெளியானது.

அந்த ஆய்வுக்காக யார்க் பல்கலைக்கழகத்தினர், பருவத்தடுப்பு மருந்து தொடர்பான 50 ஆய்வுகளை மதிப்பிட்டனர். அவற்றில் உயர்தரமானது என அவர்கள் ஏற்றுக்கொண்டது ஒன்றை மட்டுமே. ஹார்மோன் சிகிச்சை தொடர்பான 53 ஆய்வுகளிலும் ஒன்றே அந்தத் தகுதியைப் பெற்றது.

இந்த எண்கள் இரு தரப்பாலும் வளைக்கப்பட்டன. 98 சதவீத ஆய்வுகள் குப்பையில் வீசப்பட்டதாக ஒரு தரப்பு பரப்பியது. அது உண்மையன்று, நடுத்தரமானவை என மதிப்பிடப்பட்ட ஆய்வுகளும் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. மருந்து பயனற்றது என நிரூபணமாகிவிட்டதாக இன்னொரு தரப்பு முழங்கியது. அதுவும் உண்மையன்று. சான்று வலுவாக இல்லை என்பதற்கும், பயன் இல்லை என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. குழந்தை மருத்துவத்தில் நடைமுறையில் உள்ள பல சிகிச்சைகளுக்கும் உயர்தரச் சான்று இல்லை என்று காஸ் அறிக்கையை விமர்சிக்கும் மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். நலமான உடலின் இயல்பான வளர்ச்சியில் தலையிடும்போது கூடுதல் சான்று கேட்பதே நியாயம் என்பது ஆதரவாளர்களின் பதில்.

ஒரே சொல், வெவ்வேறு பொருள்

‘நிறுத்திவைப்பு’ என்ற ஒரே சொல்லின் கீழ் நாடுகள் வெவ்வேறு காரியங்களைச் செய்துள்ளன.

பின்லாந்து 2020-இல் தனது மருத்துவ வழிகாட்டுதலை மாற்றி, உளவியல் ஆதரவை முதற்படியாக வைத்தது. ஸ்வீடனின் சுகாதார, நல வாரியம் 2022 பிப்ரவரியில், இம்மருந்துகளை விதிவிலக்கான நேர்வுகளுக்கு மட்டும் வழங்கப் பரிந்துரைத்தது. இவ்விரு நாடுகளிலும் கதவு குறுகியது; முழுமையாக மூடப்படவில்லை. யாருக்கு விலக்கு என்பதை மருத்துவக் குழுவே தீர்மானிக்கிறது.

பிரிட்டன் ஒரு படி மேலே சென்றது. 2024 மார்ச்சில் தேசிய சுகாதாரச் சேவை, ஆய்வுக்கு வெளியே இம்மருந்தை வழக்கமாகப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. அவ்வாண்டு மே மாதம் கன்சர்வேடிவ் அரசு தனியார் பரிந்துரைகளுக்கும் அவசரத் தடை விதித்தது. ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சி அரசு, டிசம்பர் 11-ஆம் தேதி அதைக் காலவரையற்றதாக்கி, 2027-இல் மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. கட்சி மாறியும் கொள்கை மாறவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 2021-இல் ஆர்கன்சா தொடங்கிவைத்த பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றியே இச்சிகிச்சைகளைத் தடுத்துள்ளன. டென்னசி மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 18-ஆம் தேதி 6-3 என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது. சிகிச்சை நல்லதா, கெட்டதா என்று அத்தீர்ப்பு கூறவில்லை; அறிவியல் கருத்து வேறுபாடு நிலவும்போது முடிவெடுக்கும் பொறுப்பை மக்களிடமும் அவர்களின் பிரதிநிதிகளிடமும் விட்டது. ஆய்வு முடிந்ததும் திறக்கப்படும் என்ற உறுதி எதையும் டென்னசி சட்டம் தரவில்லை. அதை இடைநிறுத்தம் என்று அழைப்பது பொருந்தாது.

ஓர் ஆய்வை நம்பி மூன்று நாடுகள்

காஸ் பரிந்துரைத்த மருத்துவ ஆய்வை லண்டன் கிங்ஸ் கல்லூரி வடிவமைத்து, 2025 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. 226 சிறாரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு உடனடியாகவும் மற்றொரு பிரிவினருக்கு ஓராண்டு கழித்தும் மருந்தளித்து ஒப்பிடுவதே திட்டம். இரு முனைகளிலிருந்தும் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. குழந்தைகள் மீது இத்தகைய சோதனையே கூடாது என்றனர் ஒரு சாரார். ஆய்வில் சேர்ந்தால்தான் மருந்து என்றால் அந்தச் சம்மதம் எப்படிச் சுயமானதாகும் என்றனர் மறு சாரார்.

இதே ஆய்வின் முடிவுக்காகத்தான் குயின்ஸ்லாந்து 2031 வரை காத்திருக்கிறது. நியூசிலாந்து அரசும் 2025 நவம்பரில் புதிய பரிந்துரைகளை நிறுத்தும் முடிவை அறிவித்தபோது, பிரிட்டன் ஆய்வையும் 2031-ஐயுமே குறிப்பிட்டது. உலகின் இரு மூலைகளில் உள்ள சிறாரின் எதிர்காலம் லண்டனில் 226 பேரைக் கொண்டு நடத்தப்பட வேண்டிய ஓர் ஆய்வோடு முடிச்சுப் போடப்பட்டுள்ளது. அந்த ஆய்வு தாமதமானால் காத்திருப்பும் நீளும். அதன் விடை தெளிவற்றதாக அமைந்தால் என்ன செய்வது என்பதற்கு இவ்வரசுகளிடமிருந்து திட்டவட்டமான பதில் இல்லை.

மருந்து கொடுக்காமலேயே திரட்டக்கூடிய சான்றும் உண்டு. டாவிஸ்டாக்கில் முன்பு சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 9,000 பேர் இப்போது எப்படி இருக்கின்றனர் என்பதைப் பதிவேடுகள் வழியாகக் கண்டறிய காஸ் குழு முயன்றது. வயது வந்தோருக்கான 7 பாலின மருத்துவ மையங்களில் 6 அப்போது ஒத்துழைக்கவில்லை. பத்தாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, அலமாரிகளிலேயே பூட்டிக் கிடந்தது. புதிய ஆய்வுக்குக் காத்திருக்கும் முன், பழைய பதிவேடுகளைத் திறப்பதே எந்த இடைநிறுத்தத்துக்கும் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

நடைமுறையும் நீதியும்

குயின்ஸ்லாந்து உத்தரவை எதிர்த்து, திருநர் சிறார் ஒருவரின் தாய் வழக்குத் தொடுத்தார். சட்டம் கோரும் கலந்தாலோசனை முறையாக நடைபெறவில்லை என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 28-ஆம் தேதி உத்தரவை ரத்து செய்தது. அன்றைய தினமே சுகாதார அமைச்சர் டிம் நிக்கோல்ஸ் புதிய உத்தரவு பிறப்பித்து, இடைநிறுத்தத்தை மீண்டும் நடைமுறைப்படுத்தினார். சட்டப்படி அது சாத்தியமாக இருக்கலாம். ஆனால், நிதானமாகச் சிந்திக்கவே நிறுத்தியதாகக் கூறும் அரசு, சில மணி நேரங்களில் மறு உத்தரவு போடுவது அந்த நிதானத்துக்குப் பொருத்தமாக இல்லை.

மேலும், அரசு மருத்துவமனைகளை மட்டுமே கட்டுப்படுத்திய அந்த உத்தரவு தனியார் மருத்துவத்தைத் தொடவில்லை. மருந்து ஆபத்தானது என்றால் பணம் உள்ளவர்களுக்கும் ஆபத்தானதே. ஆபத்து இல்லை என்றால் பணம் இல்லாதவர்களுக்கு மட்டும் மறுப்பது முறையன்று.

ஓய்வு தேவைப்படுவது எதற்கு?

இந்த விவாதத்தின் கடுமையே சிகிச்சையைக் கெடுத்துவிட்டது என்பது காஸ் அறிக்கையின் முக்கியக் கவலைகளில் ஒன்று. வசைக்கும் புகாருக்கும் அஞ்சி, பல மருத்துவர்கள் இத்தகைய சிறாரைப் பார்க்கவே தயங்கினர். வேறு எந்த மனநலக் குறைபாட்டோடு வந்தாலும் கிடைக்கும் சாதாரண கவனிப்புகூட, பாலினம் என்ற சொல் உச்சரிக்கப்பட்டதும் கிடைக்காமல் போனது.

பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டுக்குப் பின் தற்கொலைகள் பெருகிவிட்டதாகச் சமூக ஊடகங்களில் பரவிய கூற்றை, தற்கொலைத் தடுப்பு ஆலோசகர் பேராசிரியர் லூயிஸ் ஆப்பிள்பி 2024-இல் ஆராய்ந்தார். தரவுகள் அக்கூற்றை ஆதரிக்கவில்லை என்றும், அவ்வாறு பேசுவதே துயரத்தில் இருக்கும் இளையோருக்கு ஆபத்தானது என்றும் அவர் எச்சரித்தார். அதேவேளை, இந்தச் சிறாரின் மன உளைச்சல் கற்பனை என்று பொருள் கொள்வதற்கும் அதில் இடமில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியலில் கிடக்கும் ஒருவருக்கு, உளவியல் ஆலோசகரின் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காத நிலையே மிகப் பெரிய மறுப்பு.

இந்தியாவில் இக்கேள்வி வேறு வடிவில் எழுந்துள்ளது. ஆண், பெண் என்ற உடற்கூற்று வரையறைக்குள் முழுமையாக அடங்காமல் பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்கு, அவசியமற்ற பாலினத் திருத்த அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. தமிழக அரசும் அவ்வாண்டே அதற்கு அரசாணை பிறப்பித்தது. ஊடுபால் நிலையும் திருநர் அடையாளமும் ஒன்றல்ல. எனினும், அந்தத் தீர்ப்பின் தர்க்கம் கவனிக்கத்தக்கது: திருப்பிப் பெற முடியாத ஒன்றை, அந்த உடலுக்கு உரியவர் பேசும் வயதை அடையும்வரை பிறர் செய்துவிடக் கூடாது. பருவத்தடுப்பு விவகாரத்தில் சிக்கல் என்னவெனில், மருந்து கொடுப்பதும் உடலை மாற்றும். கொடுக்காமல் விட்டாலும் பருவம் அதை மாற்றிவிடும். கைகட்டி நிற்பதும் இங்கே ஒரு செயலே.

ஆகவே, இடைநிறுத்தத்தை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்பதைவிட, அதன் உள்ளடக்கம் என்ன என்பதே பொருத்தமான கேள்வி. முடிவுத் தேதி உண்டா? அத்தேதிக்குள் எந்தத் தரவு, யாரால் திரட்டப்படும்? கடுமையான நேர்வுகளுக்கு விலக்கு அளிக்கும் மருத்துவக் குழு உண்டா? மருந்து இல்லாத காலத்தில் ஆலோசனை, குடும்ப ஆதரவு, பள்ளிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நிதி உண்டா? சிகிச்சை பெற்று நலமடைந்தோர், பெற்று வருந்துவோர் ஆகிய இரு சாராரும் அந்த மேசையில் இடம் பெறுகிறார்களா?

இவற்றுக்கு விடை வைத்திருக்கும் நிறுத்தம், மருத்துவத்தின் எச்சரிக்கை. விடை இல்லாத நிறுத்தம், தேர்தல் மேடைகளின் சலிப்பு. விவாதிப்போருக்குச் சலிப்புத் தட்டினால் விலகிக்கொள்ளலாம். பருவம் அடையும் உடலுக்கு அந்த வசதி இல்லை.